உறவும் உழைப்பும்: இரு கொரியத் திரைப்படங்கள்

ஒரு சமுதாயம் அந்நியனை எவ்வாறு நோக்குகின்றது என்பதை அதன் சட்டங்கள் ஒருவாறு கூறும். அதன் கலைகள் இன்னும் தெளிவாகக் கூறும். தென் கொரியாவைப் பொறுத்தவரை இவ்வகையில் ஒப்புநோக்கத் தக்க இரு திரைப்படங்கள் உள. ஒன்று, ஷின் தொங்-இல் 2009 இல் நெறிப்படுத்திய 'பாந்தோபி'. மற்றது, கிம் ரியோ-ரியோங் எழுதி 2008 இல் வெளிவந்த நாவலைத் தழுவி, லீ ஹான் 2011 இல் நெறிப்படுத்திய 'வான்டுகி'.

கொரியர் யாவரும் ஒரே குருதியினர் என்னும் கருத்து எத்தகைய சூழலில் வலுப்பெற்றது என்பதை நாம் மறத்தலாகாது. 1908 இல் ஷின் சே-ஹோ இனத்தையே வரலாற்றின் நாயகனாக்கி எழுதியபோது, ஜப்பானிய ஏகாதிபத்தியம் அந்நாட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. அன்று அக்கருத்து ஒடுக்கப்பட்டோரின் கேடயம். 1990 களில் தொழிற்சாலைகள் பிறநாட்டு உழைப்பையும், கிராமங்கள் பிறநாட்டு மணமகளிரையும் நாடியபோது, அக்கேடயமே வேலியாயிற்று.

2008 ஆம் ஆண்டின் பன்முகப் பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் அவ்வேலியில் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் அவ்வாயில் கொரியரை மணந்தோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்குமே உரியது. 2004 இல் தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தின்கீழ் வருவோர் குடும்பத்தை அழைத்துவர இயலாது. தொழிலிடம் மாறுவதற்கும் கடும் கட்டுப்பாடுண்டு. நம் நாட்டு இளைஞர் பல்லாயிரவரும் இத்திட்டத்தின்கீழ்ச் சென்றவரே.

'வான்டுகி'யின் நாயகன் ஏழை மாணவன். தன் தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவள் என்பதை அவன் பதினேழு வயதளவிலேயே அறிகின்றான். நகைச்சுவை குன்றாத இப்படைப்பில் போலி இரக்கம் இல்லை. அவன் தாய்க்குக் காலணி வாங்கிக் கொடுக்கும் காட்சி உள்ளத்தைத் தொடுவது. எனினும் ஒன்று கேட்டாக வேண்டும். நாவலிலே அத்தாய் வியட்நாமியப் பெண். நாடு மாறியும் கதை மாறவில்லையே, ஏன்? அவள் 'தாய்' என்பதற்கு அப்பால் அவளுக்கென ஒரு வரலாறு அமையவில்லை. சட்டம் போலவே கதையும் அவளை உறவாக்கி ஏற்கின்றது.

'பாந்தோபி'யின் கரீம் யாருக்கும் உறவினனல்லன். பங்களாதேசத்துத் தொழிலாளியான அவனது பணப்பையை எடுத்து அகப்பட்டுக்கொண்ட மாணவி மின்-சோ, கைம்மாறாக ஓர் உதவி செய்ய இசைகின்றாள். அவன் கேட்பது, பழைய முதலாளி கொடாத சம்பளத்தைப் பெற்றுத்தருமாறே! கருணையை அன்று, கணக்கை. இக்கேள்வியே படத்தின் உயிர். மாணவியொருத்தியை நாயகியாகக் கொண்ட இப்படத்தைப் பள்ளி வயதினர் பார்க்கலாகாதெனத் தரப்படுத்துநர் விலக்கியது கருதத்தக்கது. 'வான்டுகி'யையோ ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டு களித்தனர்.

'பாந்தோபி'யிலும் குறையுண்டு. கரீமின் போராட்டம் தனிமனிதனின் போராட்டமாகவே நிற்கின்றது. குடிபெயர்ந்த தொழிலாளர் 2005 இலேயே அங்கு தொழிற்சங்கம் அமைத்துவிட்டனர். பத்தாண்டு வழக்காடி 2015 இல் உச்சநீதிமன்றத்தில் அதற்கு அங்கீகாரமும் பெற்றனர். அந்தக் கூட்டு வாழ்வு படத்துள் புகவில்லை.

ஆயினும், இரண்டனுள் உண்மைக்கு அண்மையில் நிற்பது 'பாந்தோபி'யே என்பதில் ஐயமில்லை. அந்நியனை மருமகளாகவும் மகனாகவும் ஏற்பது குடும்பத்தை விரிப்பதாகும், சமுதாயத்தை விரிப்பதாகாது. உறவு ஏதுமின்றி உழைப்பொன்றையே கொண்டு வந்து நிற்பவனின் உரிமையை ஏற்கும் நாளிலேதான் பன்முகப் பண்பாடு என்னும் சொல் பொருளுடையதாகும்.