லண்டனில் ஓர் இலுப்பை மரம்

மாலையானதும் மதுக்கூடம் தேடிப் போகும் லண்டன்வாசிகளைக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் வௌவால்களாக வரைந்தார்; மதுக்கூடத்தை இலுப்பை மரமாக்கினார். நமக்கு இலுப்பைப்பூ பழமொழியில் வரும் சர்க்கரை. மத்திய இந்தியாவின் கோண்டு மக்களுக்கோ அது சாராயம். ஆகவே அந்தப் படத்தில் கேலி உண்டு, பழி இல்லை.

பஜ்ஜு பிறந்தது 1971இல், மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் கிராமத்தில். அவருடைய இனமான பர்தான் கோண்டுகள் பாணர் மரபினர். பானா என்ற நரம்புக் கருவியை மீட்டிப் புரவலர் குடும்பங்களின் கதைகளைப் பாடியவர்கள். புரவலர்கள் அருகிப் போனபின் அந்தக் கதைகள் ஓவியத்தில் குடியேறின. அதைத் தொடங்கிவைத்தவர் பஜ்ஜுவின் சித்தப்பா ஜன்கர் சிங் ஷ்யாம். ஓவியர் ஜெ. சுவாமிநாதன் 1980களின் தொடக்கத்தில் அவரைப் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு அழைத்து வந்தார். அதே ஊருக்குப் பிழைக்க வந்த பஜ்ஜு இரவுக் காவலாளியாக இருந்தார், மின்வேலை பார்த்தார். பிறகு சித்தப்பாவின் கோட்டோவியங்களுக்குள் புள்ளியும் கீற்றும் நிரப்பும் உதவியாளரானார். கோண்டு ஓவியருக்கு அந்த நிரப்பல்தான் கையொப்பம். ஒருவருடையது இன்னொருவருக்கு வராது.

2002இல் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைய இரண்டு மாதம் போய் வந்தார். கண்டதையெல்லாம் இந்தியில் சொன்னார். கீதா வுல்ஃபும் சிரீஷ் ராவும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். 2004இல் சென்னையின் தாரா புக்ஸ் 'தி லண்டன் ஜங்கிள் புக்' நூலை வெளியிட்டது. அதில் விமானம் பறக்கும் யானை. சுரங்க ரயில் மண்புழு. கோண்டு நம்பிக்கையில் பாதாளம் அதன் ஆட்சிக்கு உட்பட்டது. தவறாமல் வந்து ஏற்றிச் செல்லும் 30ஆம் எண் பேருந்து விசுவாசமுள்ள நாய். பிக் பென் கடிகாரமே சேவலின் கண்.

இதே பாட்டன்கரில்தான் 1940களில் ஆங்கிலேய மானிடவியலாளர் வெரியர் எல்வின் தங்கி மத்திய இந்தியப் பழங்குடிகளைப் பற்றி எழுதினார். அறுபது ஆண்டுக்குப் பிறகு அதே ஊர்க்காரர் ஆங்கிலேயர்களை ஆராய்ந்துவிட்டார், கருவிப்பெட்டியாகத் தூரிகை மட்டும் கொண்டு.

உலகம் அதிகம் கொண்டாடியது பஜ்ஜுவின் அடுத்த நூலை. துர்கா பாய், ராம் சிங் உர்வேதி இருவரோடும் சேர்ந்து அவர் செய்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (2006) கையால் செய்த கறுப்புத் தாளில், பட்டுத்திரை அச்சில், கையால் தைக்கப்பட்டு வந்தது. 2008இல் போலோன்யா ரகாஸி விருதும் பெற்றது. அழகில் குறையில்லை. ஆனால் அதன் எந்தப் பக்கத்தைப் பிரித்துச் சட்டம் போட்டாலும் ஓவியம் முழுமையாகவே நிற்கிறது. லண்டன் நூலை அப்படிப் பிரிக்க முடியாது. விமானத்தில் பயந்தவன்தான் பேருந்தை நேசிக்கிறான், பிறகு ஊர் திரும்பிக் கதை சொல்கிறான். படநூல் என்ற வகையில் எனக்கு அதுவே மேல்.

துர்கா பாயும் இன்னொரு கோண்டு ஓவியரான சுபாஷ் வியாமும் 2011இல் அம்பேத்கர் வாழ்க்கையை 'பீமாயணா'வாக வரைந்தபோது, மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மறுத்துவிட்டார்கள். கொடுஞ்சொல் பேசுபவர்களின் பேச்சுக்குமிழிக்குத் தேள்கொடுக்கு முளைத்தது. கதை சொல்வதில் இது பஜ்ஜு காட்டிய துணிச்சலின் தொடர்ச்சி.

2018இல் பஜ்ஜுவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைகளில் 'கோண்டு பாணி' என்று பையிலும் துணியிலும் அச்சாகும் மான்களுக்கு இன்றும் பெரும்பாலும் வரைந்தவர் பெயர் இருப்பதில்லை. லண்டன் நூலின் அட்டையில் அது இருக்கிறது, எழுதியவர்களின் பெயருக்கு முன்னால்.