சும்மாடு

மண்டபத்தூரில் மீன் வாங்கப் போன இடத்தில் எனக்கு ஒரு நடன விமரிசகர் அகப்பட்டார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பத்திரிகையில் எழுதியவர் அல்ல. எழுதப் படிக்கவே தெரியாது. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டதும் கிடையாது. நாற்பது வருஷம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர். நடனத்தைப் பற்றி நான் படித்திருக்கிற புத்தகங்களில் பல சுற்றிச் சுற்றி வந்தும் தொடாத ஒரு விஷயத்தை அவர் மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார்.

மண்டபத்தூர் காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி போகிற பக்கம், கடலை ஒட்டிய மீனவக் கிராமம். காரைக்காலில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தேன். மீன் என்றால் கரையிலேயே வாங்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்து, மணலில் வலையும் வெயிலும்தான் மிச்சம் இருந்தன. ஒரு வீட்டு வாசலில் அந்தக் கிழவி எங்களை உட்காரச் சொன்னார். நான் கதை எழுதுகிறவன் என்று சிநேகிதர் அறிமுகம் செய்துவைத்ததும் கிழவியின் முகத்தில் ஒரு யோசனை ஓடிற்று.

"அப்ப எம் பேத்தி ஆட்டத்தப் பாத்துச் சொல்லுங்க தம்பி. பதினஞ்சு நாளா மாடியில குதிக்கிறா. எனக்கு ஒண்ணும் விளங்கல."

பேத்தி வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பரதநாட்டியம் படிக்கிறாள். கடைசி வருஷம். இத்தனை நாளும் ஆசிரியை சொல்லிக்கொடுத்ததை ஆடிவந்தவள், பரீட்சைக்காக இப்போது சொந்தமாக ஓர் உருப்படி அமைத்து ஆட வேண்டுமாம். 'சமூகக் கருத்தாக இருந்தால் நல்லது' என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் தன் ஊரையும் ஆயாவையும் எடுத்துக்கொண்டிருந்தாள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக் கடலையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பிறந்திருக்கவில்லை. காதால் கேட்டதைத்தான் ஆட வேண்டும்.

மொட்டை மாடியில், கைப்பேசியில் பாட்டை வைத்துவிட்டு ஆடினாள். நல்ல அரைமண்டி. அடவு சுத்தம். பதாகக் கை அலையாக விரிந்தது. ஒரு மீனவப் பெண் கடலுக்குப் போன கணவனை நினைத்து ஏங்கினாள். தோழியைத் தூது அனுப்பினாள். பிறகு கூடையைத் தலையில் வைத்து ஒயிலாக நடந்தாள். அதற்கப்புறம் ஜதி ஓங்கி, கடல் ருத்திர தாண்டவம் ஆடிற்று. கடைசியில் இரண்டு கையும் சேர்ந்து தீபமாயிற்று. நம்பிக்கை பிறந்துவிட்டதாம்.

நான் நாலு நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கிழவி முந்திக்கொண்டார்.

"சும்மாடு எங்கடி வச்சே?"

பெண் விழித்தாள். கிழவி விடவில்லை. "ஒன் ஆயா வெறுந்தலையிலயா கூட தூக்குனா? மண்ட ஓட்டையாப் போயிருக்காதா?"

சும்மாடு இல்லாத தலையில் கூடை இல்லை. கூடை இல்லாவிட்டால் மீனும் இல்லை, மீன் விற்றவளும் இல்லை. மேடையில் இருந்தது ஒரு மீனவப் பெண் என்று அந்தப் பெண் நினைத்தாள், நானும் நினைத்தேன். உண்மையில் அங்கே ஆடியது வர்ணத்தில் வருகிற நாயகிதான். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள், அவ்வளவே.

நாயகிக்கு வேலை காத்திருப்பது. மண்டபத்தூர்க்காரிக்குக் காத்திருக்க நேரம் ஏது? படகு வருமுன் கரைக்கு வர வேண்டும், ஏலத்தில் மல்லுக்கு நிற்க வேண்டும், வாங்கிய மீன் கெடுமுன் நாலு ஊர் சுற்ற வேண்டும். அவள் துக்கமும் பயமும் அந்த ஓட்டத்துக்கு உள்ளேதான் இருக்கின்றன. அதை நிறுத்தி, தூணில் சாய்த்து, தோழியிடம் பேசவைத்தால் துக்கம் அழகாகிவிடும். ஆனால் வேறு யாருடைய துக்கமாகவோ ஆகிவிடும். பாத்திரத்தை மாற்றாமல் பண்டத்தை மட்டும் மாற்றினால் இந்த விபத்துதான் நேரும்.

இது இந்தப் பெண்ணுக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. சந்திரலேகாவின் அரங்கேற்றத்தை நினைத்துப் பார்க்கிறேன். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்ற அவர் 1952-ல் அரங்கேறினார். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சி அது. 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு யமுனையின் தண்ணீர்ப் பெருக்கையும் கிருஷ்ணன் விளையாட்டையும் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலமும் தண்ணீருக்குத் தகரக் குவளையோடு வரிசையில் நின்ற ஜனங்களும் அவர் நினைவுக்கு வந்துவிட்டன. யாருக்காக ஆடுகிறோமோ அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, மேடையிலோ வெள்ளம். கை கால் அப்படியே நின்றுவிட்டதுபோல் ஆயிற்று என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் உடனே வறட்சியைப் பற்றி ஓர் உருப்படி அமைத்து ஆறுதல் அடைந்துவிடவில்லை என்பதுதான் நான் கவனிக்கிற விஷயம். இடையிடையே புதிதாகச் சில அமைத்தார். பிறகு மேடையை விட்டு நெடுங்காலம் விலகியும் இருந்தார். 1985-ல் 'அங்கிகா' வந்தது. அதில் பரதத்தின் பக்கத்தில் களரிப்பயிற்றும் யோகமும் இருந்தன. நாயகி இல்லை, தோழி இல்லை. உடம்பே, அதன் பலமே, பேசுபொருளாக நின்றது. 1952-ல் எழுந்த கேள்விக்கு முப்பத்து மூன்று வருஷம் கழித்துக் கிடைத்த பதில் அது. நம் கல்லூரிகளோ அதே கேள்வியை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, ஒரு பருவத்துக்குள் விடை எழுதி மார்க்கு வாங்கிக்கொள் என்கின்றன.

"பரதத்தில் இதெல்லாம் எதற்கு? பெரியவர்கள் வைத்தது இருக்கிறதே" என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மறதி அதிகம் என்றுதான் வருத்தம். அலாரிப்பிலிருந்து தில்லானா வரை நாம் அனாதியானது என்று நினைக்கும் வரிசையைச் சீர்செய்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தஞ்சை நால்வர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கி, 1944-ல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்தார். கற்றவர்கள் கற்றதோடு நின்றிருந்தால் இன்றைக்குக் காப்பாற்றுவதற்கு மரபு என்று ஒன்று இருந்திருக்காது.

இந்தக் காவிரிக் கடைமடையின் தெய்வங்களையே பாருங்கள். சப்த விடங்கத் தலங்களில் ஒவ்வொரு தியாகராஜருக்கும் ஒரு நடனம். காரைக்காலுக்குப் பக்கத்துத் திருநள்ளாற்றில் உன்மத்த நடனம், பித்தனின் ஆட்டம். தெற்கே நாகப்பட்டினத்தில் பாராவாரதரங்க நடனம், கடல் அலையின் ஆட்டம். திருக்காறாயிலில் சேவல், திருக்குவளையில் வண்டு. அலையையும் சேவலையும் கண்ணால் பார்த்தவன்தான் இதை நினைத்திருக்க முடியும். தியாகராஜர் புறப்பாட்டில் சுவாமி எப்படி ஆடுகிறார்? தோளில் சுமப்பவர்களின் நடையில்தான் ஆடுகிறார். சுமக்கிறவன் கால்தான் ஆண்டவனுக்கு ஜதி. இவ்வளவு தெரிந்த மண்ணில் பிறந்த பெண்ணுக்கு, சுமை தூக்கும் நடை நாட்டியத்துக்கு அந்நியம் என்று யார் சொல்லமுடியும்?

காரைக்காலில் இதைப் பேசும்போது அம்மையாரை விட்டுவிட முடியாது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி ஊரே மாங்கனி இறைக்கிறது. ஆனால் அம்மையாரின் கதை மாங்கனியோடு முடியவில்லை. கணவன் விலகிய பின் தன் அழகான உடம்பே வேண்டாம் என்று பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். திருவாலங்காட்டுச் சுடலையில் இறைவன் ஆடக் கண்டு பாடினார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் நரம்புமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். சொந்தக் கஷ்டத்தைச் சொந்த உருவத்தில் சொன்ன முதல் பெண் கலைஞர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. அவர் கதையை மேடையில் ஆடும் குழந்தைகளுக்கு நாம் மூக்குத்தியும் ரோஜாப்பூச் சாயமும் பூசி அனுப்புகிறோம்!

இன்னொரு பக்கத்து அபாயமும் இருக்கிறது. கல்லூரி விழாக்களில் 'விழிப்புணர்வு நடனம்' என்று ஒன்று நடக்கிறது. கையில் சங்கிலி, பிறகு சங்கிலி அறுபடும். சிவப்புத் துணி, பிறகு வெள்ளைத் துணி. வரதட்சிணைக்கும் அதுதான், மரம் வெட்டுவதற்கும் அதுதான். பார்ப்பவர்கள் கை தட்டுவது கருத்துக்கு. ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? கருத்து நல்லதாக இருந்தால் ஆட்டம் நன்றாக இருந்தே தீரும் என்ற மூட நம்பிக்கைக்கு, மரபைத் தொடாதே என்ற மூட நம்பிக்கை அண்ணன் முறை.

உருவமும் விஷயமும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்த உதாரணம் ஈழத்தில் கிடைக்கிறது. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அங்கே மாணவராக ஆடியவர் மௌனகுரு. அவரே பின்னர் வடமோடிக் கூத்தின் ஆட்டத்தில் 'சங்காரம்' என்ற நாடகத்தை அமைத்தார். சாதியும் வர்க்கமும் அதில் அரக்கர்கள், எதிர்ப்பது உழைப்பாளி. வடமோடி போருக்கென்றே பழகிய ஆட்டம். போராட்டத்தைச் சொல்ல அதன் கால்கள் தயாராக இருந்தன. புதுக் கருத்து அங்கே விருந்தாளி மாதிரி வந்து உட்காரவில்லை. வீட்டுப் பிள்ளை மாதிரி நுழைந்தது.

இவற்றில் கொஞ்சத்தை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். என்ன புரிந்ததோ, "ரெண்டு நாள் கழிச்சு வருவீங்களா சார்?" என்றாள்.

போனேன். இந்தத் தடவை பாட்டு இல்லை. ஆயாவின் பழைய புடவைத் துண்டு ஒன்று கையில். அதை முறுக்கினாள், வளையமாகச் சுற்றினாள், தலையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு இல்லாத கூடையை இரண்டு கையாலும் தூக்கினாள். முன்பு ஒயிலாக நடந்தவள் இப்போது ஏறக்குறைய ஓடினாள். பாரம் ஏறினால் நடை மெதுவாகும் என்று நாம் நினைக்கிறோம். பாரத்தோடு மெதுவாக நடக்க முடியாது. குறுகிய அடிகளாக, வேகமாகப் போனால்தான் தாங்கும். கழுத்து அசையவில்லை, கண் நேரே. அந்தக் கால்களுக்கு அவள் கற்ற அடவு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்து வருஷப் பயிற்சி எதற்கு உதவும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயா கூடையோடு உள்ளூர்ப் பக்கம் போயிருந்ததால் பிழைத்தார். திரும்பி வந்தபோது வீடு இல்லை. வீட்டில் இருந்தவர்களில் இரண்டு பேர் இல்லை. பேத்தி இப்போது அலையை ஆடவில்லை. நடந்து வந்தவள் நின்றாள். கூடையை இறக்கினாள். சும்மாட்டை எடுத்துப் பிரித்து உதறினாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

நான் கிழவியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மாடிச் சுவருக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய துக்கத்தை எடுத்து ஆட இவளுக்கு அதிகாரம் உண்டா, அதற்குப் பரீட்சையில் மார்க்கு வாங்கலாமா என்ற சங்கடம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. கேட்காமல் எடுப்பது தப்பு என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அவள் கேட்டிருந்தாள். அதோடு, அவர் முன்னாலேயே ஆடிக் காட்டினாள்.

குறை இல்லாமல் இல்லை. அந்த நிற்றலை அவள் நம்பவில்லை. நாலு கணம் நின்றுவிட்டு அவசரமாக ஒரு தீர்மானம் வைத்து முடித்தாள். பரீட்சைக்கு வருகிறவர்கள் ஜதி எங்கே என்று கேட்பார்களே என்ற பயம். நியாயமான பயம்தான். நம் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது: சொந்தமாக அமைக்கச் சொல்வதைக் கடைசி வருஷத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். அடவு கற்ற முதல் வருஷத்திலேயே, உன் வீட்டில் யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்து வந்து ஆடிக் காட்டு என்று சொல்லுங்கள். யாருடைய வாழ்வு மேடை ஏறுகிறதோ அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

மண்டபத்தூரில் அந்த நாற்காலிக்காரர் தம் அபிப்பிராயத்தைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சரியா இருக்கு. ஆனா கூடையில மீன் கொறச்சல் போல. கழுத்துல பாரம் தெரியல."

பேத்தி துண்டை மறுபடி முறுக்க ஆரம்பித்தாள்.