சிறகணிந்த டிரம்ஸ் கலைஞர்

ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். வாழ்க்கை உழுதுவிட்ட முகம். தோள்களில் வானதூதருக்குரிய சிறகுகள். கூடவே புகையும் சிகரெட்டு. 1994-இல் வெளிவந்த ‘அரௌண்ட் த நெக்ஸ்ட் ட்ரீம்’ என்னும் இசைத்தட்டின் அட்டைப்படம் இது. பக்தியுள்ள கண்களுக்கு இது கேலியாகவே தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தட்டைப் பலமுறை கேட்ட பிறகு அந்தச் சிறகுகளை அவரிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை.

அவர் ஜிஞ்சர் பேக்கர். 1939-இல் இலண்டனில் பிறந்தவர். அவருக்கு நான்கு வயதானபோது தந்தை இரண்டாம் உலகப் போரில் மாண்டார். மகன் பதினான்கு வயதில் படிக்கட்டும் என்று தந்தை ஒரு கடிதம் விட்டுச் சென்றிருந்தார். உன் கைமுட்டிகளே உனக்கு உற்ற துணை என்பது அதிலிருந்த அறிவுரைகளுள் ஒன்று. மகன் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார் என்பதே அவருடைய வாழ்வின் துயரம். ஹெராயின் போதை, முறிந்த நட்புகள், தீராத சண்டைகள். அதே கைகள்தாம் இருபதாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த தாளங்கள் சிலவற்றையும் தந்தன. ஜாஸ் இசையில் பயின்று, ஆப்பிரிக்கத் தாளங்களில் மயங்கி, 1970-களில் நைஜீரியாவுக்கே சென்று ஃபெலா குட்டியோடு வாசித்தவர் அவர்.

1966 முதல் 1968 வரை ‘கிரீம்’ என்ற மூவர் குழு உலகைக் கலக்கியது. எரிக் கிளாப்டன் கித்தார், ஜாக் புரூஸ் பாஸ் கித்தாரும் பாட்டும், பேக்கர் டிரம்ஸ். புரூசுக்கும் பேக்கருக்கும் இருந்த பகை ஊரறிந்தது. அந்த இருவரும் கால் நூற்றாண்டு கழித்து, பெல்பாஸ்டில் பிறந்த கேரி மூருடன் மீண்டும் ஒரே அறையில் அமர்ந்து செய்ததே இந்தத் தட்டு. மூவர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் குழுவுக்கு பி.பி.எம். என்று பெயரிட்டார்கள்.

விமர்சகர்கள் இதனைக் கிரீமின் நகல் என்று தள்ளினார்கள். அதில் பாதி உண்மை. முதற்பாட்டு பழைய குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றின் நிழலிலேயே நிற்கிறது, இரண்டாவதும் அப்படித்தான். மூருக்குச் சில இடங்களில் அடக்கம் போதவில்லை. ஒரு சுரம் போதுமான இடத்தில் ஒன்பது சுரங்களை இறைக்கிறார். ஆனால் முதலிரண்டு பாட்டுகளோடு தீர்ப்பெழுதி எழுந்து போனவர்கள் இத்தட்டின் உயிரைக் கேட்கவே இல்லை என்பேன்.

அந்த உயிர் மெதுவான ப்ளூஸ் பாட்டுகளில் இருக்கிறது. ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைத்தனத்தின் வடுவிலிருந்து எடுத்த பாட்டு. ஓர் அடியைச் சொல்வார்கள். அதையே திரும்பச் சொல்வார்கள். மூன்றாவது அடியில் அதற்கு விடையோ, விடையில்லாத பெருமூச்சோ வரும். திருப்பாடல்களைச் செபிப்பவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒன்றைச் சொல்லி, அதையே வேறு சொல்லில் மீட்டுரைப்பது எபிரேயக் கவிதையின் மூச்சு. துயரம் ஒருமுறை சொல்லித் தீர்வதில்லை என்பதை இருவருமே அறிந்திருக்கிறார்கள்.

இங்கேதான் பேக்கரின் முதுமை பேசுகிறது. இளமையில் பத்து நிமிடங்களுக்கு மேல் தனியாக முழக்கி அரங்கை அதிரவைத்தவர் இவர். இத்தட்டிலோ அத்தகைய வித்தைக் காட்சி இல்லை. அடிக்காமல் விடும் இடங்களே அதிகம். தாளம் விழவேண்டிய கணத்திற்கு ஒரு மயிரிழை தாமதித்து அவர் கோலை இறக்கும்போது, முழு இசையும் சாய்வு நாற்காலியில் சற்றே பின்னுக்குச் சாய்வதுபோல் இருக்கிறது. ஆல்பர்ட் கிங்கின் பழைய பாட்டொன்றை மூவரும் எடுத்தாளும் இடத்தில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். காதல் ஏன் கெட்டுப்போக வேண்டும் என்று தலைப்பிலேயே வினவும் பாட்டு எட்டு நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. தணிவாகத் தொடங்கிக் கொந்தளிப்பில் முடியும் அதில், புரூசின் குரல் கெஞ்சுகிறது. பேக்கரின் தாளம் அக்குரலைக் கீழே விழவிடாமல் தாங்குகிறது. நேருக்கு நேர் ஒரு நல்ல வார்த்தை பேச இயலாத இருவரில் ஒருவர் மற்றவருக்குத் தோள் கொடுக்கிறார்!

இதை ஒப்புரவு என்று சொல்லிவிட ஆசைதான். அப்படிச் சொன்னால் பொய்யாகும். குறுகிய இசைப்பயணத்தோடு குழு கலைந்தது. அடுத்த தட்டு வரவேயில்லை. 2005-இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் அரங்கில் கிரீம் மீண்டும் கூடியபோதும் அமைதி நிலைக்கவில்லை. மூர் 2011-இலும், புரூஸ் 2014-இலும், பேக்கர் 2019-இலும் மறைந்தார்கள்.

புனிதர்களின் கையால் வந்த கலையை மட்டுமே ஏற்பது என்று முடிவு செய்தால், தாவீது அரசரின் பெயர் தாங்கிய பாடல்களைக்கூட நாம் ஒதுக்கிவைக்க நேரிடும். பேக்கரின் குற்றங்களை இந்தத் தட்டு கழுவிவிடுவதாக நான் வாதாடவில்லை. அவரால் காயப்பட்டவர்கள் இருந்தார்கள்; அவர்கள் இந்த இசையைக் கேட்க விரும்பாவிட்டால் அது அவர்கள் உரிமை. எனக்கோ, இரவில் விளக்கணைத்த பின், தட்டின் கடைசிப் பாட்டு ஓடும்போது, பாட்டையும் கித்தாரையும் விட்டு அந்தக் கைகளின் ஓசையை மட்டுமே காது தேடிப் போகிறது.