இருவர் கதையும் ஒருவர் வெற்றியும்: 'மீசைய முறுக்கு' குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

சிராங்கூன் சாலைக் கடைகளில் ஒலிப்பவை பெரும்பாலும் திரைப்பாடல்களே. இச்சூழலில், திரைக்கு வெளியே தமிழில் பாட விழையும் சிங்கப்பூர் இளைஞர் பலர் 'ஹிப்ஹாப் தமிழா' இரட்டையரைத் தம் முன்மாதிரியாகச் சுட்டுவதை நாம் வகுப்பறையில் கேட்டு வருகிறோம். ஆதி, ஜீவா என்னும் இவ்விருவரின் தொடக்ககாலப் போராட்டத்தைத் தழுவி எழுந்த 'மீசைய முறுக்கு' (2017) திரைப்படம், விடாமுயற்சியை எவ்வாறு சித்திரிக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறையும் குறையும்

கோவையிலிருந்து இசைக் கனவோடு சென்னை செல்லும் இளைஞன், புறக்கணிப்பையும் காதல் துயரையும் தாங்கி நிற்கிறான். தந்தையாக வரும் விவேக்கின் பாத்திரம் மகனை அடக்காது ஊக்குவதாக அமைந்தமை படத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

எனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. இருவர் சேர்ந்து வளர்த்த இசை, திரையில் ஒருவரின் வெற்றியாகச் சுருங்கிவிடுகிறது. ஆதியே எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்துள்ளார். ஜீவாவின் பாத்திரத்தை ஏற்றவரோ ஆர்.ஜே. விக்னேஷ்காந்த். இதனால் படைப்பில் பாதிப் பங்காளியானவர், தமிழ்த் திரைக்கதை மரபின் நகைச்சுவைத் தோழனாகிவிடுகிறார். வணிகப் படத்திற்கு ஒரு நாயகன் வேண்டும் என்பர். ஆயின், 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பொதுப்பெயரிலேயே இருவரும் இசையமைத்து வருவதை நோக்க, அவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. தடைகளும் நாயகனின் மனவுறுதிக்கான சோதனைகளாகவே நிற்கின்றன; திரைசாரா இசைக்கு வாயில்கள் ஏன் குறுகியுள்ளன என்னும் வினா ஆழம் பெறவில்லை.

வரலாறு காட்டுவது

உண்மை வரலாறு வேறு செய்தியைத் தருகிறது. 2006இல் மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பின்வழித் தமிழ்ச் சொல்லிசைக்குத் தளம் அமைத்தனர். 'ஹிப்ஹாப் தமிழா' இரட்டையரின் 'க்ளப்புல மப்புல' 2011இல் வானொலிவழி வெளிப்பட்டு இணையத்தில் பரவியது. 2012இல் 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பு வெளிவந்தது. இவர்கள் முழுமையான திரையிசையமைப்பாளரானது 'ஆம்பள' (2015) படத்தில்தான். எனவே, திரைக்கு முந்திய அவ்வாண்டுகள் வெறும் காத்திருப்பு அல்ல. அவையே இவர்தம் தனித்த சாதனை.

சிங்கப்பூர்ச் சொல்லிசை இரட்டையரான காஷ், கிரிஸ்ஸி ஆகியோரையும் இங்கு ஒப்பிடலாம். 'எந்திரன்' (2010) படத்தின் 'இரும்பிலே ஓர் இருதயம்' பாடலில் இவ்விரு பெண்களின் பெயர்களும் இணைந்தே இடம்பெற்றன. ஆயினும் அங்கு அவர்களுக்கு வாய்த்தவை ஆங்கில வரிகளே. திரை தரும் அங்கீகாரம் பெரிது. அது வழங்கும் இடத்தின் எல்லையைத் திரையே வகுக்கிறது.

முடிவுரை

துணைநின்றவரின் உழைப்பை மறைத்துவிட்டு விடாமுயற்சியைப் போற்றுவது முழுமையான பாடமாகாது. நம் மாணவருள் ஒருவர் வரி எழுத, மற்றொருவர் மெட்டமைத்து உருவாகும் பாடல்கள் உண்டு. அத்தகையோரிடம் இப்படத்தைக் கொண்டுசெல்லும் ஆசிரியர், 2012ஆம் ஆண்டுத் தொகுப்பையும் உடன் கேட்கச் செய்தல் வேண்டும். திரை காட்டாத அந்த இரண்டாம் உழைப்பைக் குறித்து அவர்கள் வினவத் தொடங்கினால், இப்படம் வகுப்பறைக்குப் பயன்பட்டதாகக் கொள்ளலாம்.