நிறம் பிடிக்கிற நேரம்

"இப்ப பாருங்க தாயி, நிறம் பிடிக்கும்" என்றார் அண்ணாச்சி. கையில் இருந்த துடுப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. அகலமான இரும்புச் சட்டியில் பத்து லிட்டர் பாலாக இருந்தது இப்போது கெட்டிக் குழம்பாகச் சுருங்கிவிட்டது. புளிய விறகின் அனல் முகத்தில் அடித்தது. நான் சட்டியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைதான், வெள்ளைதான் என்று இருந்தது, ஒரு கட்டத்தில் வெள்ளை இல்லை. சந்தனத்தை லேசாகக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு நிறம் விளிம்பிலிருந்து உள்ளே ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நிறம் எது என்று எனக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் நான் அளக்கிற வேதிவினை அது. நான் அளப்பது சட்டியில் இல்லை, மனிதர்களின் ரத்தத்தில்.

நான் ராஜபாளையத்துக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரியில் படித்தது உயிர்வேதியியல். மடவார் வளாகத்து வைத்தியநாதரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே எங்களிடம் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர். திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்றுவலி வந்தபோது இந்தச் சன்னதியில்தான் குணமானது என்று ஊரில் சொல்வார்கள். வைத்தியம் பார்க்கிற சாமி, கொஞ்ச தூரத்தில் பால்கோவாச் சட்டி, நடுவில் என் பரிசோதனைக் குழாய். இந்த மூன்றுக்கும் ஊடே ஒரே ஒரு மூலக்கூறு ஓடுகிறது என்று கண்டுகொண்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடம்.

அதன் பெயர் லைசின். நம் உடம்பின் புரதங்களைக் கட்டுகிற இருபது அமினோ அமிலங்களில் ஒன்று. அதை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் எட்முண்ட் டிரெக்ஸல், 1889ல். எதிலிருந்து எடுத்தார் தெரியுமா? பாலில் இருக்கும் கேசின் புரதத்திலிருந்து! டைரோசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அதற்கும் முன்பே, 1846ல், பாலாடைக்கட்டியிலிருந்து கிடைத்தது. அதன் பெயரே பாலாடைக்கட்டிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். டிரிப்டோபேனும் 1901ல் கேசினிலிருந்துதான் வந்தது. அமினோ அமிலங்களின் வரலாற்றைப் புரட்டினால் பால்வாசம் அடிக்கும்.

அண்ணாச்சியின் பால்கோவாப் பட்டறைக்கு நான் முதலில் போனது கோவா வாங்க. நின்றுபோனது வாசனையால். பால் கொதி வந்த சற்று நேரத்தில் ஒரு வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? பச்சைப் பாலில் இல்லாத, மெல்லிய, கொஞ்சம் முட்டையை நினைவூட்டுகிற வாடை. அது கந்தகம். பாலில் கேசின் தவிர வேறு புரதங்களும் உண்டு. அவற்றில் அதிகம் இருப்பது பீட்டா லாக்டோகுளோபுலின். 162 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது, பந்தாகச் சுருண்டிருக்கும். அதற்குள் ஐந்து சிஸ்டீன்கள். நான்கு இரண்டிரண்டாகக் கைகோத்திருக்க, ஐந்தாவது தனியாக உள்ளே ஒளிந்திருக்கும். சூடு எழுபது டிகிரியைத் தாண்டினால் பந்து அவிழ்கிறது, ஒளிந்திருந்த கந்தகம் வெளியே வருகிறது. அந்த வாடைதான் நம் மூக்குக்கு எட்டுவது. ஒரு புரதம் தன் வடிவத்தை இழக்கிற நொடியை மூக்கால் அறியமுடிகிறது! பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியதை நான் மூச்சாக இழுத்துக்கொண்டு நின்றேன்.

கேசின் இதற்கு நேர்மாறு. பால்கோவா என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே இந்த நேர்மாறால்தான் என்பேன். முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் உடனே இறுகிப்போகும். பாலை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் கேசின் இறுகாது. ஏன்? இறுக்கமாக மடிந்த புரதம்தான் சூட்டில் குலையும். கேசினில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். பீட்டா கேசினின் 209 அமினோ அமிலங்களில் முப்பத்தைந்து புரோலின். புரோலின் வந்த இடத்தில் சங்கிலி முறுக்கிக்கொள்ளாது, வளைந்து விலகும். ஆக, கேசின் முதலிலேயே தளர்ந்து கிடக்கிற புரதம். இழக்க வடிவம் இல்லாததைச் சூடு என்ன செய்யும்? ஆயிரக்கணக்கான கேசின் சங்கிலிகள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. கன்றுக்குட்டியின் எலும்புக்கான சுண்ணாம்பைத் தாய்ப்பசு அப்படித்தான் கரையாமலும் படியாமலும் அனுப்புகிறது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விழுந்தால் எல்லாம் போச்சு, பால் திரிந்துவிடும். பாத்திரம் கழுவுவதில் பட்டறைக்காரர்கள் அத்தனை கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

இனி நிறத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சியின் கணக்கு, பத்து லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை. வேறு எதுவும் கிடையாது. நான் வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து லிட்டரில் புரதம் முந்நூற்று முப்பது கிராம் போல வரும். அதில் லைசின் மட்டும் ஏறத்தாழ இருபத்தைந்து கிராம். பாலுக்கே உரிய பாற்சர்க்கரை, அதாவது லாக்டோஸ், அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஊரில் யாரைக் கேட்டாலும் "சர்க்கரை முறுகி நிறம் வருது" என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன்.

சோதித்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுப்பையும் பற்றவைத்தேன். ஒன்றில் சர்க்கரை போடாத வெறும் பால். மற்றதில் தண்ணீரும் சர்க்கரையும். இரண்டையும் கிண்டிக்கொண்டே இருந்தேன். கம்பிப் பதம் வந்த பிறகும் சர்க்கரைப் பாகு கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வெறும் பாலோ சுண்டச் சுண்டச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது! என் வீட்டு அடுப்படியில், என் கண் முன்னால். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "திரட்டுப்பால் காய்ச்ச இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றாள். அவளுக்கு எப்போதும் தெரிந்ததன் காரணம் எனக்கு அன்று பிடிபட்டது.

கடைச் சர்க்கரை என்பது குளுக்கோஸும் பிரக்டோஸும் சேர்ந்த சுக்ரோஸ். இரண்டும் தங்களுடைய வினைபுரியும் முனைகளாலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் வேறு யாரோடும் அது எளிதில் சேராது. லாக்டோஸும் ஒரு ஜோடிதான், குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தது. ஆனால் அதில் குளுக்கோஸின் ஒரு முனை திறந்திருக்கிறது. லைசினுக்கோ மற்ற அமினோ அமிலங்களைவிட ஒரு கை அதிகம். புரதச் சங்கிலியில் கோத்த பிறகும் நான்கு கார்பன் நீளத்துக்கு ஒரு கிளை வெளியே நீட்டி நிற்கும். அதன் நுனியில் ஒரு அமினோ தொகுதி. அந்த நுனி, பாற்சர்க்கரையின் திறந்த முனையைப் பிடிக்கிறது. முதல் பிடி இளகியது, விட்டுவிடவும் முடியும். பிறகு அணுக்கள் இடம் மாறி உட்காருகின்றன. அதன்பின் பிரிக்க முடியாது. அங்கிருந்து கிளை கிளையாக வினைகள் ஓடி, நிறமும் மணமும் நாக்கில் நிற்கிற அந்த ருசியும் பிறக்கின்றன. 1912ல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயார். தோசையின் முறுகலிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் அவர் பெயர் எழுதியிருக்கிறது.

இப்போது என் வேலை மேசைக்கு வாருங்கள். சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர் "மூணு மாசச் சர்க்கரை பாத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதுவார் இல்லையா, ஹெச்பிஏ1சி? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். முதலாவதாக நிற்பது வேலின். சங்கிலியின் தலைமாட்டில் இருப்பதால் அதற்கும் ஒரு கை காலியாக இருக்கும். ரத்தத்தில் ஓடுகிற குளுக்கோஸ் அந்தக் கையைப் பிடிக்கிறது. முதலில் இளகிய பிடி, பிறகு இடம் மாறிய நிரந்தரப் பிடி. அதே வினை! எழுத்துக்கு எழுத்து அதே வினை! சட்டியில் நூறு டிகிரியில் ஒரு மணி நேரத்தில் நடப்பது, உடம்பில் முப்பத்தேழு டிகிரியில் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. சிவப்பணு 120 நாள் போல உயிரோடு இருக்கும், பிடித்தது பிடித்ததாகவே இருக்கும். அதனால்தான் நேற்று சாப்பிடாமல் இருந்து இன்று ரத்தம் கொடுத்தாலும் அந்த எண்ணை ஏமாற்ற முடியாது. 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். பதினேழு வருடமாக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எண்ணெல்லாம், அடுப்பில்லாமல் பிடித்த நிறத்தின் கணக்கு.

இது தெரிந்த பிறகு எங்கே பார்த்தாலும் அந்தப் பிடி கண்ணில் படுகிறது. மஞ்சள் காமாலைக்காரர்களுக்கு எஸ்ஜிபிடி பார்ப்போம். அது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றி வேறொன்றுக்கு மாட்டிவிடுவது அதன் வேலை. கழற்றியபின் மிஞ்சுவது பைருவேட். அதை எரித்து ஆற்றலாக்கலாம், குளுக்கோஸாகவும் மாற்றலாம். நாம் தின்ற கோவாவின் புரதம் இரவுப் பட்டினியில் மூளைக்குச் சர்க்கரையாவது இந்த வழியாகத்தான். அந்த நொதி இதை எப்படிச் செய்கிறது? பி6 வைட்டமினிலிருந்து வந்த ஒரு மூலக்கூறை அது தன் வயிற்றில் பிடித்து வைத்திருக்கிறது. எதால் பிடித்திருக்கிறது? ஒரு லைசினின் கையால்! சட்டியில் நடக்கிற முதல் பிடியின் அதே இளகிய வகை. இளகியதாக இருப்பதால்தான் அலனின் வரும்போது லைசின் விட்டுக்கொடுக்கிறது, வேலை முடிந்ததும் மறுபடி பிடித்துக்கொள்கிறது. கோவாவில் பிடி இறுகினால் ருசி. கல்லீரலில் பிடி இறுகாமல் இருந்தால் உயிர். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்ணிலும் இருக்கிறது. விழித்திரையில் ஒளியை உணர்கிற ரோடாப்சினில், 296வது இடத்து லைசின், வைட்டமின் ஏயிலிருந்து வந்த ரெட்டினாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒளி பட்டதும் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்கிறது, நாம் பார்க்கிறோம். ஆக, கோவாவின் நிறத்தைப் பிடித்துக் கொடுத்ததும் லைசின், அந்த நிறத்தை நான் பார்க்கும்படி செய்ததும் லைசின்.

எலும்பிலும் தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் விட்டதாகும். 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முப்பது வயது இயற்பியல் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரனிடம், பார்க்க வந்த விஞ்ஞானி பெர்னல், கொலாஜனின் அமைப்பை யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு கங்காருவின் வால் தசைநாரை வாங்கினார். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று 1954லும் 1955லும் உலகுக்குச் சொன்னார். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின், அமினோ அமிலங்களிலேயே ஆகச் சிறியது. அந்த இடத்தில் வேறு எதற்கும் இடமில்லை. 1963ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் போட்ட வரைபடத்தை இன்றும் உலகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்கிற எவரும் தாண்டிப் போக முடியாது. கோணம் சரிதானா என்று அதில் வைத்துப் பார்த்தே தீரவேண்டும். கிண்டியில் பிறந்த வரைபடம்! அந்தக் கொலாஜன் கயிறுகளை ஒன்றோடொன்று தைப்பது எது? மறுபடியும் லைசின்தான். செம்பு கொண்ட ஒரு நொதி அதன் நுனியை மாற்றிக்கொடுக்க, பக்கத்துக் கயிற்றின் லைசினை அது பிடித்துக்கொள்கிறது.

அரிசியில் குறைவாக இருக்கும் அமினோ அமிலமும் இந்த லைசின்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறையைப் பருப்பும் பாலும் தீர்க்கின்றன. நம் உடம்புக்கு லைசினைச் செய்துகொள்ளத் தெரியாது, தின்றுதான் ஆகவேண்டும். நிறம் அதிகமாகப் பிடிக்கவிட்டால் அந்த லைசின் வீண். குடலில் புரதத்தை வெட்டுகிற டிரிப்சின், லைசினையும் ஆர்ஜினினையும் அடையாளம் பார்த்துத்தான் வெட்டும். சர்க்கரை ஏறி உட்கார்ந்த லைசினை அதற்கு அடையாளம் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோவா கரும்பழுப்பாக இல்லாமல் இளஞ்சந்தனமாக இருப்பதில் இந்த நன்மையும் இருக்கிறது. 2019ல் இந்தக் கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. நான் அந்த நிறத்துக்காகக் கொண்டாடினேன்.

போன வாரம் மறுபடி பட்டறைக்குப் போய் இதையெல்லாம் அண்ணாச்சியிடம் கொட்டினேன். துடுப்பை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப தண்ணி இருக்கிற மட்டும் நிறம் மெதுவா வரும், தண்ணி வத்துனதும் ஓடி வரும், அது ஏன்?" என்றார். பதினேழு வருடம் வேலை பார்த்தவளைவிடக் கூர்மையான கேள்வி. தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், வற்றினால் அடிச்சட்டியில் சரசரவென்று ஏறும், லைசினும் பாற்சர்க்கரையும் நெருங்கி வேறு வந்துவிடும் என்றேன். தலையை ஆட்டினார். "அதான் கடைசி அஞ்சு நிமிசம் நான் யாரோடயும் பேசுறதில்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டிக்குத் திரும்பினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். விளிம்பில் வெள்ளை மாறத் தொடங்கியிருந்தது.