‘தாளவட்டம்’: தழுவலும் அதிகாரத்தின் இடமாற்றமும்

கென் கீசி 1962இல் எழுதிய புதினத்தை மிலோஷ் போர்மன் 1975இல் திரைப்படமாக்கினார். ‘குயிற்கூட்டின்மேல் ஒருவர் பறந்தார்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். மனநோய் மருத்துவமனையே களம். அதனைத் தழுவிப் பிரியதர்சன் மலையாளத்தில் ‘தாளவட்டம்’ (1986) என்னும் படத்தை இயக்கினார்; தமிழில் அது ‘மனசுக்குள் மத்தாப்பு’ (1988) ஆயிற்று. மலையாளப் படத்தை மூலத்தின் தேய்ந்த படியெனத் தள்ளுவாருளர். அக்கருத்து ஆய்தற்குரியது.

மூலத்தில் செவிலி ராட்செட்டின் படைக்கலம் சினமன்று, விதியே. பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியிற் காண நோயாளர் வாக்கெடுக்கின்றனர். 18 பேருள் 9 கைகள் உயர்கின்றன. பேசாதிருந்த செவ்விந்தியரின் பத்தாவது கை உயர்வதற்குள் கூட்டம் கலைந்ததென்கிறாள். முறை வழுவவில்லை, நீதி வழுவிற்று. அவ்விடுதியாருட் பலர் தாமே விரும்பிச் சேர்ந்தோர் என்பது பின்னர்த் தெரியவருங்கால், காண்பாரது நடுக்கம் மிகுகின்றது.

‘தாளவட்டத்’திலோ அதிகாரம் தலைமை மருத்துவர் இரவீந்திரனிடம் உள்ளது. அவர் ஒரு தந்தை. மகள் சாவித்திரியும் மருத்துவர். அவள் நோயாளி வினோதைக் காதலிப்பதே அவர்தம் வெகுளிக்குக் காரணம். அவ்வெகுளி மூளை அறுவையில் முடிகின்றது. விதியிருந்த இடத்தில் உறவு வந்து நிற்கின்றது.

இம்மாற்றம் காரணமின்றி நேர்ந்ததன்று. நம் நாட்டில் நோயாளியை அழைத்து வருவோர் பெரும்பாலும் குடும்பத்தாரே. 1950களில் தொடங்கிய வேலூர்ப் பாகாயம் மனநல மையத்தில் உறவினர் நோயாளியுடனேயே தங்கியிருத்தல் மருத்துவ முறையின் ஓர் உறுப்பு. மாதனூரிலிருந்து நோயாளியொருவரை அங்குக் கொண்டு செல்வார்க்கு, சுற்றமற்ற அமெரிக்க விடுதி அயலாகவே தோன்றும். ஆதலின் தந்தையைப் புகுத்திய தழுவலாசிரியர் நம் நிலத்தியல்பை அறிந்தவரே என்பேன்.

எனினும் இழப்பும் உண்டு, அது சிறிதன்று. மலையாளப் படத்தில் நண்பன் உண்ணிகிருஷ்ணன் மருத்துவரைக் கொல்கிறான். கொடியவன் மடிந்தான், கொடுமையும் ஒழிந்தது எனக் காண்பார் ஆறுதலுறுவர். ராட்செட்டோ கழுத்தில் காப்புப் பட்டையுடன் மீண்டும் பணிக்கு வருகிறாள். விடுதி முன்போலவே நடக்கின்றது. சினம் தணியும், விதி தணியாது என்னும் அக்கூர்மை தழுவலில் இல்லை.

மற்றொன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளி தன் விருப்பால் தானே சேர்தற்கு வழி வகுத்தது. அத்தகையார் ஒருவரும் ‘தாளவட்டத்’தில் முதன்மை பெறவில்லை. சினமே அறியாத, அன்பு மிக்க தந்தையொருவர், மகனது விருப்பத்தைக் கேளாமலே அவனுக்காக ஒப்பமிடுவாராயின் என்னாகும்? இவ்வினாவை இரு படங்களும் எழுப்பவில்லை.