மேடைப் பதிவும் ஏற்பும்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசை கேட்கப்பட்ட விதம்

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தனியிசைக் குழுவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பாடல்களின் மேடைப் பதிவுகளை விமர்சகரும் சுவைஞரும் எவ்வாறு ஏற்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விமர்சனம் சொல்லையே பெரிதும் கேட்டது. சுவைஞர் கூட்டம் ஒலியையும் சேர்த்துக் கேட்டது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கானா, பறை, ராக், மேடைப் பதிவு, ஏற்புக் கோட்பாடு

முன்னுரை

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சாதியற்ற தமிழர் என்னும் கருத்தாக்கமே குழுவின் பெயருக்கு அடிப்படை. கானா, ராப், ராக் ஆகிய மூன்றும் இதில் கலந்தன. நிகழ்ச்சிக் காணொலிகள் இணையத்தில் பரவி, மேடைத் தொகுப்பு ஒன்றின் பணியைச் செய்தன.

விமர்சகர் ஏற்பு

இதழியல் எழுத்துகள் பெரும்பாலும் குழுவைச் சாதி எதிர்ப்புக் குரலாக அறிமுகப்படுத்தின. இது பிழையன்று; குழுவே அறிவித்துக்கொண்ட நிலைப்பாடு அது. எனினும் இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி எனப் பாடுபொருளைப் பட்டியலிட்டதோடு பல எழுத்துகள் நின்றுவிட்டன. இறப்புச் சடங்கோடு பிணைக்கப்பட்டு இழிவு சுமத்தப்பட்ட பறை, மின்கிதாருக்குப் பக்கவாத்தியமாகாமல் அதற்கு இணையாக ஒலிப்பதே ஓர் அரசியல் வாதம். அதனைத் தாளம், ஒலிச்செறிவு, குரல் ஆகியவற்றின் வழியே விளக்கும் திறனாய்வு அரிதாகவே எழுந்தது.

சுவைஞர் ஏற்பு

சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்டு வளர்ந்தது கானா. அங்கே பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடையே மேடை இல்லை. ஆகவே காணொலிகளில் கேட்கும் சீழ்க்கை, கைத்தட்டல், உடன்பாடும் குரல்கள் ஆகியவை பதிவின் குறைகளல்ல, அவ்வடிவத்தின் உறுப்புகள். ஜானி கேஷ் 1968 சனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் பதிவுசெய்த இசைத்தொகுப்பில், பாடலின் ஓரிடத்தில் எழும் ஆரவாரம் பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டது. கூட்டத்தின் ஒலி பாடலின் பொருளையே மாற்றவல்லது என்பதற்கு அது சான்று.

துண்டித்த கேள்வி

கோயில் நுழைவு உரிமையைப் பேசும் ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலைக் குழு 2018இல் மேடையேற்றியது. அதன் காணொலித் துணுக்கு 2024 நவம்பரில் மீண்டும் பரவியபோது, பாடகி இசைவாணி மீது காவல்துறையில் புகார்கள் அளிக்கப்பட்டன. ஒரு குழுவின் கூட்டுப் படைப்பு தனியொரு பெண்ணின் கூற்றாகக் குறுக்கப்பட்டது. முழு நிகழ்வின் வரிசையும் அதற்குக் கூட்டம் தந்த மறுமொழியும் துணுக்கில் இல்லை. ஒலியை விடுத்துச் சொல்லை மட்டும் எடுத்தாளும் பழக்கம், பாராட்டில் குறைபாடாகவும் எதிர்ப்பில் தண்டனையாகவும் முடிகிறது.

முடிவுரை

மேடைப் பதிவு என்பது பாடல், பாடுநர், கூட்டம், காலம் ஆகியவை சேர்ந்த பனுவல். அதனை அவ்வாறே வாசிக்கும் கலைச்சொற்களைத் தமிழ் இசைத் திறனாய்வு உருவாக்க வேண்டும். இல்லையேல் பாடுவோரின் கருத்துக்கு மட்டுமே இடம் கிடைக்கும். அவர்களது கலைக்கு இடம் கிடைக்காது. கலைஞர் என்னும் தகுதி மறுக்கப்பட்டோரின் இசையில் இவ்விழப்பு சிறிதன்று.